நிமலனுக்குப் பிடித்து வைத்த இடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைத் தொடங்கும்போது என் கையில் இருந்தது ஒரு வெறுங்கதிரை மட்டும்தான்.

தெமோதரையில் ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு, பின்னேர பஸ்ஸில் பதுளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஹாலிஎலைக்கு முன்னால் ஒரு முடக்கில், எதிரே வந்த லொறிக்கு வழிவிட்டு பஸ் நின்றது. கீழே ஒரு தோட்டத்து மைதானம். உதைபந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது. புதிதாகப் பெருப்பித்துக் கட்டிய பார்வையாளர் படிகள், மேலே தகரக் கூரை, வரிசை வரிசையாக நீலப் பிளாஸ்டிக் கதிரைகள். எள் போட்டால் எள் விழ இடமில்லை, அவ்வளவு சனம். ஆனால் நடுவில் ஒரே ஒரு கதிரை காலி. அதன்மேல் ஒரு துண்டு விரித்துக் கிடந்தது. ஓரத்தில் இடமில்லாமல் நின்றவர்கள்கூட அதில் போய் உட்காரவில்லை.

லொறி போய்விட்டது, பஸ் திரும்பிவிட்டது, பனிமூட்டம் மைதானத்தை மூடிவிட்டது. நான் பார்த்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் சொந்தச் சரக்கு என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது அப்படி அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2

முதல் தொடக்கம்: [மலைகளின் மடியில் ஒரு பச்சைக் குழந்தையாய்ப் படுத்திருந்தது கல்லுமலைத் தோட்டத்து மைதானம். அதன்—]

சீ! இதை நானே வாசிக்க மாட்டேன். அடித்துவிட்டேன். வெட்கம் கெட்டு இங்கேயே கிடக்கட்டும்.

இரண்டாம் தொடக்கம்: [அன்றைக்குக் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் வாசித்தபோது ஒரு பேருக்கு மட்டும்—]

இது வாசகரைப் பயமுறுத்தப் பார்க்கிற தொடக்கம். எனக்கென்ன அவசரம்? அதுவும் வேண்டாம்.

மூன்றாவது, கொஞ்சம் ஒழுங்கானது: கல்லுமலைத் தோட்டத்தில் பெவிலியனைப் பெருப்பித்தபோது, கலாராணியும் அவள் புருஷன் நிமலனும் மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

(அந்தத் தோட்டத்தின் உண்மைப் பெயர் கல்லுமலை அல்ல. தேடிக்கொண்டு போகாதீர்கள்.)

சங்கதி இதுதான். பழைய பெவிலியன் என்பது தோட்டத்துத் துரையும் உத்தியோகத்தர்களும் உட்காரும் சின்னக் கொட்டகை. அதன் பக்கத்தில் ஒரு மண்மேடு. சனம் எல்லாம், அதாவது ஆண்கள் எல்லாம், அந்த மேட்டில் நெருக்கியடித்து நின்று பார்ப்பார்கள். தப்புப் பறை முழங்கும், தொண்டை கிழியும், கோல் விழுந்தால் மேடே வழுக்கிக்கொண்டு கீழே வரும். பெண்கள் அங்கே போவதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. அவர்கள் அதற்கும் மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று, காலில் ஏறும் அட்டையை உதறிக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். அந்த மேட்டை வெட்டிப் படி கட்டி, பெவிலியனோடு சேர்க்கப் போகிறார்கள் என்றதும் சண்டை தொடங்கிவிட்டது. படியில் கதிரை போடுவதா, இல்லை நின்று பார்க்க வெறும் படியாக விடுவதா?

3

கூட்டம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நடந்தது. நிற்கும் கட்சிக்கு நிமலன் தலைவன். பண்டாரவளைக்கு மரக்கறி ஏற்றுகிற லொறிச் சாரதி, நல்ல உயரம், மேட்டில் தப்பு அடிக்கிற கோஷ்டியை முடுக்கிவிடுகிறவன்.

"ஒக்காந்துகிட்டு பாக்க இது என்னா பாட்டுக் கச்சேரியா?" என்றான். "நின்னாத்தான் சத்தம் வயித்துலருந்து வரும். ஒக்காந்தா தொண்டையோட நின்னுரும். சீட்டு போட்ட அன்னைக்கே நம்ம டீம் பாதி தோத்துரும், எழுதி வச்சுக்கங்க."

ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. அப்போதுதான் பின்னால் இருந்து கலாராணி எழுந்தாள்.

"நீங்க நாளெல்லாம் ஸ்டேரிங்குல ஒக்காந்துட்டு வர்றீங்க, ஒங்களுக்கு நின்னாத்தான் சொகம். நாங்க கூடையக் கட்டிக்கிட்டு நாளெல்லாம் மலையில நிக்கிறோம். ஞாயித்துக்கெழம ஒரு நாளாச்சும் ஒக்காந்து பாக்குறோமே. அதுல ஒங்களுக்கு என்னாங்க கொறஞ்சு போச்சு?"

"சத்தம் கொறஞ்சு போகும்!"

"எங்க சத்தத்த நீங்க இன்னும் கேக்கல," என்றாள் கலாராணி.

மடுவம் சிரித்தது. பெண்கள் கைதட்டிய தட்டில் கொழுந்துத் தராசு ஆடியது. (தராசு ஆடியது என்று எழுதியது கொஞ்சம் மிகை. ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது, விட்டுவிடுகிறேன்.) கை தூக்கிப் பார்த்ததில் கதிரைக் கட்சி வென்றது. கட்டின பெண்டாட்டியிடம் ஊர் பார்க்கத் தோற்றவனுக்கு எப்படி இருக்கும்? "ஒங்க பெவிலியன்ல என் கால் படாது" என்று சொல்லிவிட்டு நிமலன் வெளியே போனான். அன்றிலிருந்து சோறு வேண்டுமா வேண்டாமா என்பதைக்கூட அடுத்த வீட்டுப் பெரியாயி மூலமாகத்தான் சொல்லி அனுப்பினான்.

கலாராணிக்கு வென்றது சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வொரு இரவும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற அந்த அகன்ற முதுகைப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. இந்த மனிதன் இல்லாமல் அந்தக் கதிரையில் தனியாக உட்கார்ந்து என்னத்தைக் காண என்று நினைத்தாள்.

4

இனி நான் இட்டுக்கட்டிய பகுதி.

காலிக் கதிரைக்கு ஒரு காரணம் வேண்டுமே! மண்டையை உடைத்து ஒரு வழக்கத்தைச் சமைத்தேன். மேட்டில் நிற்கிற ஒருவர் செத்துப்போனால், அதற்குப் பிறகு வரும் முதல் ஆட்டத்தில், அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் அவருடைய துண்டை விரிப்பார்கள். அன்றைக்கு அந்த இடம் அவருக்கு. அவர் கடைசி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

இது பெண்களுக்குத் தெரியாது என்றும் வைத்துக்கொண்டேன். இங்கேதான் எனக்கே சந்தேகம். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில் ரகசியமா? ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் ஆறு வீடு தும்முகிற இடம்! பிறகு யோசித்துப் பார்த்தேன். இது யாரும் மறைத்த விஷயம் இல்லை. மேட்டில் நின்றவர்களுக்கு அது மேட்டோடு முடிந்தது. தேயிலைக்குள்ளிருந்து பார்த்தவர்களுக்குக் கூட்டத்தின் நடுவே ஒரு சின்ன இடைவெளி மட்டும்தான் தெரிந்திருக்கும். அந்த இடம் சேறு போல என்று நினைத்திருப்பார்கள்.

இவ்வளவையும் எழுதி, என் அலுவலகத்தில் வேலை செய்கிற ரமேஸுக்கு வாசித்துக் காட்டினேன். ரமேஸ் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். பேச்சு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அவனைக் கூப்பிட்டேன். துண்டு வந்த இடத்தில் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"சேர், இத ஒங்களுக்கு யார் சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. நான் கட்டினது."

"கட்டுனதா?" என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப ஒரு விஷயத்த விட்டுட்டீங்க. முன்னுக்கு நிக்கிறவங்க துண்டுக்கு முதுகு காட்டக் கூடாது. பக்கவாட்டுல திரும்பி, கழுத்த மட்டும் திருப்பித்தான் மேட்ச் பாக்கணும்."

எனக்கு மேல் எல்லாம் கூசியது. விளையாட்டுக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டேன். "சரி, ஆள் உயிரோட இருக்கேக்க துண்டு மாறி விழுந்திட்டா?"

"மாறி எல்லாம் விழாது சேர். சில நேரம் ஆளுக்கு முந்தித் துண்டு போயிரும். அவ்வளவுதான்."

"எடுத்துவிடலாமே?"

"எடுத்தாலும் எடம் எடந்தான். ஆள் தப்பணும்னா வேற யாராச்சும் தெரிஞ்சே அந்த எடத்துல ஏறணும். மேட்ச் முடியிறப்ப யார் அங்க இருக்காங்களோ, எடம் அவங்களுக்கு."

"எடம் அவங்களுக்கு எண்டால்?"

ரமேஸ் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் என் மேசைப் பக்கம் தேத்தண்ணீருக்கு வருவதில்லை.

(ஆகவே துண்டு என்னுடையது. முதுகு காட்டாததும், ஏறி உட்காருவதும் என்னுடையவை அல்ல. யாருடையவை என்று தெரியாமல்தான் மேலே எழுதுகிறேன்.)

5

பெவிலியன் வேலை முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கோவா, கரட் மூட்டை ஏற்றிய லொறியில் ஏறப்போன நிமலன் வாசலுக்குத் திரும்பி வந்தான். தலையைச் சொறிந்தான்.

"ரெண்டாவது பாதிக்குள்ள வந்துருவேன். எனக்கும் ஒரு எடம் புடிச்சு வையி."

மூன்று வாரத்துக்குப் பிறகு நேராக அவளிடம் சொன்ன முதல் பேச்சு! கலாராணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "ஏன், ஒங்க கால் படாதுன்னீங்க?" என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே போனான்.

புதிய பெவிலியனில் முதல் ஆட்டம். தெமோதரைப் பக்கத்து அணி எதிரணி. சனம் குவியும் என்று தெரிந்து, கலாராணி நேரத்தோடு போய் நடுவில் இரண்டு கதிரை பிடித்தாள். ஒன்றில் தான் உட்கார்ந்தாள். மற்றதில், வரும்போது கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்த நிமலனின் பச்சைக் கட்டம் போட்ட துண்டை விரித்தாள். இதில் அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? பண்டாரவளை பஸ்ஸில் யன்னலுக்குள்ளால் துண்டை எறிந்து இடம் பிடிக்காத ஆள் இந்த ஊவா மாகாணத்தில் உண்டா? நானும்தான் எறிந்திருக்கிறேன்.

ஆட்டம் தொடங்கியது. தப்பு முழங்கியது. பெண்கள் போட்ட சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. கலாராணி தொண்டை கிழியக் கத்தினாள். நிமலன் வந்து கேட்க வேண்டும் இதை என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு முன்வரிசையில் இருந்த ஒருவர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். மெதுவாக எழுந்து பக்கவாட்டில் திரும்பி நின்றார். கழுத்தை மட்டும் முறுக்கி மைதானத்தைப் பார்த்தார். அவர் பக்கத்திலிருந்தவர் என்ன என்று திரும்பினார், எழுந்தார். பிறகு அதற்குக் கீழ் வரிசை. பிறகு அதற்கும் கீழே. துண்டிலிருந்து மைதானத்து ஓரம் வரைக்கும் ஆண்கள் எல்லோரும் பக்கவாட்டில் நின்றார்கள்.

கலாராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிற்கிற கட்சியின் வேலை என்று நினைத்தாள். மடுவத்தில் தோற்றதை இங்கே காட்டுகிறார்களாம்!

"ஏங்க, ஒக்காருங்களேன்! மறைக்குதுல்ல?" என்று கத்தினாள். "நிக்கிறதுக்கா சீட்டு அடிச்சது?"

வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பது பதில் சொல்கிற ஆட்கள். இப்போது கழுத்தை இன்னும் முறுக்கி மைதானத்தையே பார்த்தார்கள். முன்வரிசைக்காரர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது.

தப்பு நின்றது. தப்பு நின்றதும் பெண்களின் சத்தமும் ஒவ்வொன்றாக அடங்கியது. பந்து உதைபடும் சத்தம் மட்டும் கேட்டது. கல்லுமலை அணி ஒரு கோல் போட்டது. போட்டவன் கையைத் தூக்கிக்கொண்டு பெவிலியனைப் பார்த்து ஓடிவந்தான். பாதியில் நின்று, கையை இறக்கிக்கொண்டு திரும்பி நடந்தான்.

6

அவளுக்கு யார் சொல்வது? இந்த இடத்தில் இரண்டு நாள் முட்டிக்கொண்டு நின்றேன். ஆண்கள் சொல்ல மாட்டார்கள். பெண்களுக்குத் தெரியாது. [அப்போது ஒரு சாமியார்—] அடித்தேன். என் கதையில் சாமியாருக்கு இடமில்லை.

கடலை விற்கிற ஸனூஸ் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன். ஹாலிஎலைக்காரர், மேடு இருந்த காலத்திலிருந்து எல்லா ஆட்டத்துக்கும் கடலைக் கூடையோடு வருகிறவர். அவர் வரிசைக்குள் நுழைந்து வந்தார். கலாராணி கடலைச் சுருள் இரண்டு கேட்டாள்.

"ஒண்ண அந்த சீட்டுல வைங்க நானா. அவருக்கு."

ஸனூஸ் வைக்கவில்லை. இரண்டையும் அவள் மடியில் வைத்தார். குரலைத் தாழ்த்தி, "நிமலன் தம்பி எப்ப தங்கச்சி மவுத்தானாரு?" என்று கேட்டார்.

கலாராணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னா பேச்சு நானா இது! வாயக் கழுவுங்க! அவரு பண்டாரவளைக்குப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு!"

ஸனூஸின் முகம் வெளிறிவிட்டது. "அப்ப துண்டு?"

"எடம் புடிச்சு வச்சிருக்கேன்!"

அவர் குனிந்து, நான் உங்களுக்கு நான்காம் பிரிவில் சொன்ன எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு, துண்டுக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்து போனார்.

கலாராணி போனை எடுத்தாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது எடுக்க மாட்டார் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். மறுபடி அடித்தாள். பண்டாரவளையிலிருந்து வருகிற பாதை முழுக்கப் பனிமூட்டம், முன்னால் போகிற வண்டி தெரியாது என்று பின்னாலிருந்து ஒருத்தி யாரிடமோ சொல்வது கேட்டது. ஆசையாகக் கேட்டாரே, ஒரு இடம் பிடித்து வை என்று. என் கையாலேயே பிடித்து வைத்துவிட்டேனே, மாரியம்மா! மூன்றாம் முறை அடிக்கப்போனபோது போன் நழுவிப் படியில் விழுந்தது.

7

இங்கே நான் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) நிமலன் சிரித்துக்கொண்டு வருகிறான். துண்டைப் பார்த்து, "அடி பைத்தியமே" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள், உட்காருகிறார்கள், தப்பு முழங்குகிறது. எழுதி முடித்து வாசித்தேன். சிரிப்பு எல்லாம் இருந்தது. ஆனால் முன்வரிசைக்காரரை உட்கார வைக்க மறந்துபோயிருந்தேன். திருத்தி உட்கார வைத்தேன். மறுநாள் வாசித்தபோது அந்த வாக்கியத்தை நானே அடித்திருந்தேன். அடித்த ஞாபகம் எனக்கு இல்லை.

(ஆ) கீழே விழுந்த போன் அடிக்கிறது. எடுத்தால், தெரியாத ஒரு குரல், "இந்த நம்பர்காரருக்கு நீங்க—" இதற்கு மேல் எழுதுகிற கை எனக்கு இல்லை.

(இ) இதை நான் எழுதவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே நடந்துவிட்டது. கலாராணி எழுந்தாள். பச்சைத் துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். ஒரு அடி நகர்ந்து, நிமலனுக்குப் பிடித்து வைத்த கதிரையில் உட்கார்ந்தாள். தெரிந்தேதான் உட்கார்ந்தாள். முன்னால் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம் எனக்கே கேட்டது. எழுந்திரு பிள்ளை என்று நான் எழுதினேன். அவள் எழவில்லை.

கொஞ்ச நேரத்தில் நிமலன் வந்துவிட்டான். உயிரோடு, முழங்கால் எல்லாம் சேறாக. வழியில் லொறியின் டயர் போய், போனை லொறிக்குள் வைத்துவிட்டு இறங்கி மாற்றியிருக்கிறான். படியேறி வந்தவன் பக்கவாட்டில் நின்ற வரிசைகளைப் பார்த்தான். துண்டு யாருக்கு என்று தேடினான். அவள் தோளில் தன் துண்டைக் கண்டான். மேட்டில் வளர்ந்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கலா. எந்திரி."

"மாட்டேன்."

"சொன்னா கேளு. அது எனக்குப் போட்ட எடம்."

"நீங்கதானே நின்னு பாக்கணும்னு சண்ட புடிச்சீங்க?" அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "நில்லுங்க. நின்னுகிட்டே பாருங்க."

"அந்தச் சண்டையில நீ ஜெயிச்சிட்ட புள்ள. நான் ஒத்துக்குறேன். இப்ப நான் ஒக்கார்றேன், எடத்தக் குடு."

அவள் இரண்டு கையாலும் கதிரையின் அடியைப் பிடித்துக்கொண்டாள். அவன் துண்டின் ஒரு நுனியைப் பிடித்தான். மறு நுனி அவள் தோளில் இருந்தது. ஆட்டம் முடிய இன்னும் அதிக நேரம் இல்லை.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். ரெஃப்ரி விசிலை வாயில் வைப்பதை எழுத மாட்டேன். ஆனால் நான் எழுதாவிட்டால் அவர் ஊத மாட்டார் என்று என்ன நிச்சயம்? இந்தக் கதையில் என் பேச்சை யார் கேட்டார்கள்?

இரண்டு பேரையும் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. வழக்கம் தெரிந்த மூன்றாம் ஆள் ஒருவர் அந்தக் கதிரையில் உட்கார வேண்டும். நானே உட்காரலாம், எழுதுகிறவனுக்கு அது ஒரு வரி வேலை. அந்த வரியைப் பலமுறை தொடங்கிப் பார்த்தேன். [நான் படியேறிப் போய்—] என்பதற்கு மேல் போகவில்லை. என் பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். கோழை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

பெவிலியனில் நிற்கிற ஆண்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அசையவில்லை. அவர்களைத் தவிர வழக்கம் தெரிந்தவர் இன்னும் ஒருவர் இருக்கிறார். இவ்வளவு தூரம் வாசித்து வந்தவர். உங்களிடம் நான் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

நிமலன் இப்போது கலாராணியைப் பார்க்கவில்லை. கலாராணியும் அவனைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள்.